பார்க்க ஒரு திரை

இருபது நிமிடம்தான் ஒரு கண்ணுக்கு.
அதற்குமேல் பார்த்தால் பார்க்காது
என்று விதியிலேயே இருக்கிறது.
பிறகு லோகநாயகி உட்காருவாள்.
நான் எழுந்துபோய்ப் பெண்கள் வரிசையில்
தோளிலிருந்து கணுக்கால்வரை
தடவிப் பார்ப்பேன்.

திருச்சி. பின்னிரவு ஷார்ஜா விமானம்.
கூத்தாநல்லூர், அத்திக்கடை, முத்துப்பேட்டை,
பாபநாசம் பக்கத்தில் இரண்டு பேர்.
பாதி டெல்டா
ஒரே பெல்ட்டில் ஊர்ந்து வருகிறது என் திரைக்குள்.

வடகம் ஆரஞ்சு, கருவாடு ஆரஞ்சு,
தொழுகை விரிப்பும் தேவாரப் புத்தகமும் ஆரஞ்சு.
இரும்பு என்றால் நீலம்.
இரண்டும் கெட்டான் பச்சை.
வெடிமருந்தும் ஆரஞ்சுதான்.
அதனால்தான் என்னை இங்கே
உட்கார வைத்திருக்கிறார்கள்.

இயந்திரம் எங்களை நம்பாது.
விழித்திருக்கிறோமா என்று பார்க்க
யார் பையிலாவது
ஒரு துப்பாக்கிப் படத்தைச் செருகிவிடும்.
பொத்தானை அழுத்தினால்
'சோதனைப் படம், சரியாகக் கண்டீர்கள்' என்று வரும்.
துப்பாக்கி கரையும், பை வெளியே போகும்.
குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு
கடைசிவரை தெரியாது,
நான்கு நொடி தான் கொலைகாரனாக இருந்தது.
என் கணக்கில் ஒரு மதிப்பெண் ஏறும்.

போன வியாழக்கிழமை அழுத்தினேன்.
ஒரு கைப்பிடி, அதற்குக் கீழே குழல்,
நீலத்திலும் கருநீலம்.
இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை.
படம் கரையவில்லை.
அடிவயிறு கரைந்தது எனக்கு.
அதே பையில் இன்னொன்றும் கண்டேன்:
சுருட்டிய துணிக்குள்
ஐந்து சின்ன நீலப் புள்ளிகள், வரிசையாக.
ரவிக்கைக் கொக்கி.
அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பையைத் திறக்கச் சொன்னார்கள்.
பக்கீர் முகைதீன், அத்திக்கடை,
ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.
சர்க்கரை மாத்திரை. நான்கு சட்டை.
ஒரு கைலி, கைலிக்குள்ளிருந்து
அரக்கு நிறத்தில், துவைக்காத, அந்த ரவிக்கை.
வரிசை மொத்தமும் பார்த்தது.
அடியில் பித்தளை இடியாப்ப உரல்.

யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"அஞ்சு தடவ போயிருக்கேன்மா,
அஞ்சு தடவையும் 'தனியா வாங்க'தான்.
பேரப் பாத்தா, பையப் பாத்தா?"

திரையில் பேர் தெரியாதுங்க என்றேன்.
பொய் இல்லை.
ஆனால் பெல்ட்டுக்கு முன்னால் நிற்கும் கைக்குப்
பேரும் தெரியும், தாடியும் தெரியும்.
அந்த நான்கு தடவைக்கு நான் சாட்சியில்லை.
ஐந்தாவது நான்தான்.

கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டி,
கையைத் தேய்த்துச் சுருக்கம் எடுத்து,
மடித்தார்.
கடைசி அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது.
அவர் அவசரப்படவில்லை,
நாங்களும் அவசரப்படுத்தவில்லை,
அது ஒன்றுதான் அன்றைக்கு எங்களால் முடிந்தது.

நாளைக்கும் அழுத்துவேன்.
நூற்றெண்பது பேர் ஏறுகிற இடம்,
உரல்தான் என்று நினைத்து விட்டுவிட முடியாது.
ஆனாலும் பதிவேட்டில் எழுதி வைத்தேன்:
பார்க்க ஒரு திரை இருக்கிறது,
திறக்கிற மேசைக்கு
மறைக்க ஒரு திரை வேண்டும்.
மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.
படித்தாரா தெரியாது.

விடிகாலை ஷிப்ட் முடிந்து வெளியேறும்போது
லோகநாயகி என்னைத் தடவுகிறாள்,
இடுப்பில், அக்குளில், மாரடியில்,
வேறெங்கோ பார்த்தபடி.
அவளை நான் தடவும்போதும் அப்படித்தான்.
கூச்சம் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

லால்குடி பஸ். கொள்ளிடம் பாலம்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, வெளிச்சம் இருந்தது,
பள்ளங்களில்.
பாலம் தாண்டி ஒரு செக்போஸ்ட்.
தார்ப்பாய் கட்டிய லாரி எங்களுக்கு முன்னால்,
பின்பலகையிலிருந்து
சொட்டுச் சொட்டாக ஆறு ஒழுக.
டிரைவர் இறங்கவில்லை.
ஒருவர் கையை ஆட்டினார், கட்டை தூக்கிக்கொண்டது.

மணல் திரையில் என்ன நிறம்?
பயிற்சியில் காட்டியதாக ஞாபகமில்லை.
மடியில் கிடந்த டிக்கெட்டின்மேல்
என் கட்டைவிரல்
ஒருதரம் அழுந்தி எடுத்தது.